ஆறும்போது கிழிவது

நாற்பத்தோராயிரத்து அறுநூறு குரோனா தர வேண்டியவன் வாசலில் குனிந்து நின்று காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாடா முடிச்சு அவிழவில்லை. ஒரு கையில் பேக்கரிப் பெட்டி இருந்ததால் மறு கையால் மட்டும் இழுத்துப் பார்த்தான். வயிறு தடுத்தது. அன்னெலி கதவுச் சட்டத்தில் தோளைச் சாய்த்து நின்று பார்த்தாள். பெட்டியை வாங்கிக்கொள்ள அவள் கையை நீட்டவில்லை.

"இருக்கானா?" என்றான் போர்யே, குனிந்தபடியே.

"இருக்கார்."

"பேச்சு இருக்கா?"

"காலையில இருந்து தெளிவாத்தான் இருக்கார். நர்ஸ் வர்றதுக்குள்ள பாத்துட்டுப் போயிடுங்க."

ஒருவழியாக அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, காலணியை முடிச்சோடு பிடுங்கி எடுத்தான். காலுறையில் கட்டைவிரல் இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டையைப் பார்த்ததும் அன்னெலிக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது. வந்ததற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

ஒன்பது வருடமாக அவன் இந்த வாசலை மிதித்ததில்லை. அதற்கு முன்னால் சனிக்கிழமை தவறாமல் வருவான். இரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது; ஆனாலும் அவள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அவன் போர்யே சித்தப்பா. அவள் வளர்ந்து, கல்யாணமாகி, விவாகரத்தும் ஆன பிறகுகூட அந்தச் சித்தப்பா மாறவில்லை. அந்த விஷயம் நடந்த அன்றோடு அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். கடையில் எதிரே வந்தால் தக்காளியைப் பார்ப்பாள். பேசியே தீர வேண்டுமென்றால் பேரைச் சொல்வாள்.

ஆற்றோரத்துப் பட்டறை இரண்டு பேரும் சேர்ந்து போட்டது. போர்யே இரும்புக்காரன். படகு, பாலம், கால்வாயின் மதகுக் கதவு, எது கிழிந்தாலும் அவன் ஒட்டுவான். அவள் அப்பா ஹால்வார் நிக்கல்காரர். மின்நிலையத்து டர்பைனுக்குள் சிவக்கச் சிவக்க நின்று வேலை செய்யும் வார்ப்புகள் இருக்கின்றனவே, அவை அவருக்கு. அந்த உலோகத்தில் வெல்டு போட மற்றவர்கள் பயப்படுவார்கள். போடும்போது ஒன்றும் தெரியாது. வெள்ளிக் காசு அடுக்கியது மாதிரி பளபளவென்று இருக்கும். ஆறும்போதுதான் கிழியும். முக்கால்வாசி உறைந்த பிறகும் உலோக மணிகளுக்கு நடுவே மெல்லிசாகக் கொஞ்சம் உருகியது மிச்சம் இருக்கும். சுற்றி உள்ளது சுருங்கி இழுக்கும்போது அந்த இடம் தாங்காது. அடுத்து உலைக்குள் வைத்துச் சூடுபடுத்தினால் மிச்சமிருந்ததும் வாயைத் திறக்கும்.

அக்டோபரில் மான் வேட்டை வாரம் வந்தால் அந்த ஊரில் பாதி ஆண்பிள்ளை காட்டில்தான் இருப்பான். ஹால்வாரும் போனார். போகும் அவசரத்தில் நம்பர் பொறிக்கும் தன் பஞ்ச் கருவியைப் பட்டறை மேசைமேல் தகர டப்பாவில் விட்டுவிட்டார். விரல் நீள எஃகுத் துண்டு, நுனியில் ஏழு. வெல்டு போட்டவன் பக்கத்திலேயே சுத்தியலால் தன் நம்பரை அடித்துவிட வேண்டும். பஞ்ச் யாருடையதோ வெல்டும் அவனுடையது. பட்டறையில் அதற்குமேல் சட்டம் கிடையாது. அதனால் எவனும் பஞ்சைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டான். அதைச் சலவை இயந்திரத்தில் போட்டுப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அந்த வாரம் மின்நிலையத்து டர்பைன் வளையம் ஒன்றை அவசரமாக ஒட்டித் தரச் சொன்னார்கள். ஹால்வார் திரும்பி வந்தபோது வளையம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குப் பக்கத்தில் ஏழு இருந்தது.

"நான் காட்டுல இருந்தேன்" என்றார் ஹால்வார்.

"வெள்ளிக்கிழமை போட்டுட்டுத்தானே போன" என்றான் போர்யே. எல்லோர் முன்னிலையிலும், கண்ணைப் பார்த்து.

பஞ்ச் அடித்த நம்பரில் தேதி இருக்காது. பங்குதாரர் என்ற முறையில் நஷ்டத்தில் பாதி, நாற்பத்தோராயிரத்து அறுநூறு, அவர் தலையில் விழுந்தது. கொடுத்தார். வெல்டர் சான்றிதழ் போனது. பட்டறையை விட்டு வெளியே வந்தார். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக் கைப்பிடி, சைக்கிள் ஸ்டாண்டு, எருவண்டி என்று சில்லறை வேலைதான். ஈரப்பனி கொட்டும் ஒரு காலையில் அவர் தெருவில் மண்டியிட்டுக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது போர்யே புது வேனில் போனான். போகிறவன் பேசாமல் போயிருக்கலாம். ஹாரன் அடித்துக் கையசைத்தான். டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அன்னெலி.

"சண்டை போட்டிருக்கலாம்ல" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"பஞ்சை விட்டுட்டுப் போனது நான்தானே" என்றார் அவர். தூரிகையைக் கழுவிக்கொண்டே, "கடன் குடுத்திருக்கேன்னு வெச்சுக்கோ. அவன் தரணும்" என்றார்.

*

கட்டிலை ஹாலில் போட்டிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த, பட்டனை அழுத்தினால் தலைப்பக்கம் எழும் கட்டில். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஹால்வாருக்குக் காற்று ஆகாது. வெல்டுக்கு மேலே போர்வை மாதிரி நிற்கும் வாயுவைக் காற்று கலைத்துவிடும் என்று பட்டறையில் கத்திக் கத்திப் பழகியவர், வீட்டிலும் யாராவது ஜன்னலைத் திறந்தால் "எவன்டா அது?" என்பார்.

போர்யே நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"செம்லா பன் வாங்கிட்டு வந்தேன். க்ரீம் நிறைய வைக்கச் சொன்னேன்."

"எனக்கு இப்ப ஈரப்பஞ்சுதான் சாப்பாடு" என்றார் ஹால்வார். உதட்டை நனைக்கும் பஞ்சுக் குச்சி மேசையில் கிடந்தது. "நீயே தின்னு. பழக்கந்தானே, என் பங்கையும் சேத்துத் திங்கறது."

போர்யே சத்தமாகச் சிரித்தான். சிரித்த பிறகுதான் அது வேடிக்கைப் பேச்சா என்று யோசித்தான் போலிருக்கிறது. மேலுதட்டுக்குக் கீழே அடக்கியிருந்த புகையிலைப் பொட்டலத்தை நாக்கால் தள்ளிச் சரிசெய்துகொண்டான்.

"மெலிஞ்சுட்ட."

"சாகறேன்டா. அதுல மெலியத்தான் செய்வாங்க."

அன்னெலி சமையலறைக்குப் போய்க் காபி போட்டாள். வந்தவன் எவனாக இருந்தாலும் காபி கொடுக்காமல் அனுப்ப அவள் கைக்குத் தெரியாது. ஆனால் நல்ல கோப்பையை எடுக்கவில்லை. காது பூராவும் ஹாலில் இருந்தது. வானிலை பேசினார்கள். ஏரியில் பனி உடைந்ததைப் பேசினார்கள். வேட்டைக் குழுவில் யாருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள், யாருடைய நாய் செத்தது. பிறகு போர்யே தொண்டையைச் செருமுவது கேட்டது. அந்தச் செருமல் அவளுக்குத் தெரியும். காரியத்துக்கு வருகிறான்.

"என்கிட்ட வேலை பாத்த பையன் போயிட்டான்பா. வெல்டர் பையன். வடக்க புது ஸ்டீல் ஃபேக்டரி கட்டுறாங்கல்ல, ரெண்டு பங்கு சம்பளமாம். பேண்ட்டை மாத்திட்டு ஒரே ஓட்டம்."

"நல்ல பையன்" என்றார் ஹால்வார்.

"அவன் பாதியில விட்டுட்டுப் போன வளையம் ஒண்ணு மேசையில கிடக்கு. நிக்கல் வார்ப்பு. பழைய வளையம் மாதிரியேதான், இது இன்னும் பெருசு. வியாழக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு நிக்கறாங்க. கோத்தென்பர்க்ல ஒருத்தன் இருக்கான், அவன் மூணு வாரம்ங்கறான். நாள் தள்ளினா அபராதம் போடுவாங்க. இன்ஷூரன்ஸும் இதுக்குக் கிடையாது. நானேதான் போடணும்."

ஹால்வார் கூரையைப் பார்த்தார்.

"நான் இரும்புக்காரன், உனக்குத் தெரியும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, போதும். எவ்வளவு சூடு ஏத்திட்டுப் போடணும்? அன்னிக்கு நான் சூடே ஏத்தாம சில்லுன்னு போட்டேன், அதான்..."

சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

அன்னெலி தட்டோடு ஹால் வாசலில் நின்றாள். கோப்பை தட்டில் நகர்ந்து சின்னதாக ஒரு சத்தம். ஒன்பது வருடமாக ஊரில் யாரும் சொல்லாததை, சொல்ல வேண்டியவன் தானாகவே சொல்லிவிட்டான். அதுவும் இன்னொன்று கேட்க வந்த இடத்தில், வழியில் கொட்டிவிட்ட மாதிரி. போர்யேவின் கழுத்து கீழேயிருந்து மேலே சிவந்துகொண்டே போனது. அவன் பெட்டியின் நூலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான்.

ஹால்வாரின் கண் கூரையில் இருந்தது. மெதுவாக இறங்கி அவன் மேல் வந்து நின்றது.

"அதான்?"

"இல்ல... சும்மா. ஒரு பேச்சுக்கு."

"சரியாத்தான் சொல்ற" என்றார் ஹால்வார். குரலில் கோபம் இல்லை. பட்டறையில் பக்கத்து மேசைக்காரனுக்கு அளவு சொல்லும் குரல். "சில்லுன்னு போட்டதாலதான் கிழிஞ்சுது. சூடு ஏத்து. முந்நூறு டிகிரி."

"முந்நூறா?"

"முந்நூறு. குறைக்காதே. கரண்டைத் தாராளமா வை. டார்ச்சை அசைச்சு அசைச்சு அகலமா போடு. நடுவுல நிறுத்தி ஆற விடாதே. சூடு இருக்கும்போதே ஒரே மூச்சில முடிச்சிடு."

அன்னெலி தட்டை வைக்காமல் நின்றாள். அவளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய தொழிற்சாலையில் அதே உலோகத்தில்தான் வேலை பார்க்கிறாள். இரும்பை ஒட்டுகிறவன் காதுக்கு அப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நியாயமாகப் படும், இரும்புக்கு அப்படித்தான். நிக்கல் வார்ப்புக்கு எல்லாமே தலைகீழ். அன்றைக்குக் கிழிந்ததும் சூடு ஏற்றாததால் இல்லை, அகலமாகப் போட்டதால்தான் இருக்கும். கரண்டைக் குறைத்து, நூல் மாதிரி மெல்லிசாக ஒரு வரி போட வேண்டும். போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வெறுங்கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்த வரி. முந்நூறு டிகிரியில் அகலமாகப் போட்டால் அந்த வளையம் ஆறும்போது பழைய துணி மாதிரி கிழியும்.

அப்பா அவளைப் பார்த்தார். கண்ணால் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்தார், அவ்வளவுதான்.

"காபி" என்று சொல்லிக் கோப்பையை வைத்தாள்.

போர்யே இரண்டு வாய் குடித்தான். "ஹால்வார், அந்தப் பணம்..." என்று ஆரம்பித்தான்.

"விடுடா."

"இல்ல, நான் எத்தனையோ தடவை நினைச்சேன்..."

"விடுன்னு சொல்றேன்ல. அது தானாத் தீரும்."

போர்யே எழுந்து நின்றான். கட்டிலில் கிடந்த கையைப் பிடித்தான். பஞ்சு மாதிரி இருந்த அந்தக் கையை எப்படி விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றான்.

*

வாசலில் அவன் காலணிக்குள் காலை நுழைக்கப் படாதபாடு பட்டான். அன்னெலி ஆணியில் தொங்கிய, குதிகாலை உள்ளே தள்ள உதவும் காலணிக் கரண்டியை எடுத்து நீட்டினாள்.

"இவ்வளவு நல்லவிதமா பேசுவான்னு நான் நினைக்கல" என்றான். கண் ஈரமாக இருந்தது. "கதவைத் திறக்கவே மாட்டீங்கன்னு நினைச்சுத்தான் வந்தேன்."

அவன் கரண்டியைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நீயும் அங்க இதே வேலைதானே பாக்கிற. முந்நூறு சரிதானா? மருந்து ஏறிக்கிட்டே இருக்கு, அவன் ஏதோ ஞாபகத்துல..."

கேட்டுவிட்டான். அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டான். 'வேண்டாம், சூடு ஏத்தாதீங்க' என்று மூன்று சொல் போதும்.

அவள் யோசிக்காமல் இல்லை. வாங்குகிறவர்கள் விரிசல் தேடிச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். கிழிந்த வளையம் எந்த டர்பைனுக்குள்ளும் போகாது. யாருக்கும் ஒரு கீறலும் விழாது. போவது போர்யேவின் பணம், அவன் பேர். அதை இன்னொரு தடவையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஈரப்பனியில் மண்டியிட்டிருந்த ஒரு முதுகு ஞாபகம் வந்தது. ஹாரன் சத்தம் ஞாபகம் வந்தது.

"அப்பா சொன்னபடி செய்ங்க, சித்தப்பா" என்றாள்.

அந்தச் சொல் அவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளின மாதிரி இருந்தது. தலையை ஆட்டினான். காலணிக் கரண்டியை ஆணியில் மாட்டப் போய், தவறி, மறுபடி மாட்டினான். படியில் இறங்கும்போது இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினான்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளையும் போட்டாள்.

ஹாலில் ஹால்வார் கண்ணை மூடியிருந்தார். அவள் பஞ்சுக் குச்சியை நனைத்து உதட்டில் வைத்தாள். உறிஞ்சினார்.

"கேட்டானா?"

"கேட்டார்."

"என்ன சொன்ன?"

"அப்பா சொன்னபடி செய்ங்கன்னு சொன்னேன்."

அவர் மார்பு குலுங்கியது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தாள். சிரிப்பு. சிரிப்புக்கு வேண்டிய காற்று உள்ளே இல்லாததால் அது தோளில் மட்டும் வந்தது.

"அகலமா போடுவான்" என்றார். "அவனுக்கு எப்பவுமே அகலமாத்தான் போட வரும். அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி."

"பேசாதீங்கப்பா."

"அன்னெலி."

"ம்."

"செம்லாவ வீணாக்காத. நீ தின்னு."

கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். அப்புறம் வந்ததெல்லாம் பாதிப் பாதி வார்த்தை; "காத்து" என்றார் ஒரு தடவை.

*

நர்ஸ் பைவி வந்தபோது மூச்சு மாறியிருந்தது. ஒன்று வரும், நிற்கும், மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி அடுத்தது வரும். பைவி நாடியைப் பிடித்துப் பார்த்தாள். ஃபின்லாந்துக்காரர் மகள், வளவளவென்று பேச மாட்டாள்.

"கூட உக்காருங்க" என்றாள். "நான் அடுக்களையில இருக்கேன்."

அன்னெலி உட்கார்ந்தாள். அவர் வலது கைக் கட்டைவிரல் ஆட்காட்டி விரலோடு சேர்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வெல்டுக்குள் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும் அசைவு. அது எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. மூச்சு நின்றதைத்தான் கவனித்தாள். அடுத்தது வரும் என்று காத்திருந்தாள். வெளியே மதகுக்குப் போகும் படகு ஒன்று ஊதியது.

பைவி வந்து பார்த்தாள். அவர் கையை எடுத்து அவர் மார்பில் வைத்தாள். மெழுகுவர்த்தி கொளுத்தினாள். பிறகு போய் ஜன்னலை அகலத் திறந்தாள். செத்தவர் வெளியே போக வழி விடுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். ஏப்ரல் குளிர் உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கியது. அன்னெலி தன்னை அறியாமல் எழுந்து, ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினாள். கொக்கியைத் தொட்ட பிறகுதான் கை நின்றது.

"இருக்கட்டும்" என்றாள் பைவி.

"அவருக்குக் காத்து ஆகாது."

பைவி அவள் தோளைத் தொட்டாள். ஜன்னல் திறந்தே இருந்தது.

இரண்டு பேருமாகத் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது சமையலறையில் போன் அடித்தது. அன்னெலி ஈரக் கையோடு போய் எடுத்தாள்.

"ஏறிடுச்சும்மா. முந்நூறு ஏறிடுச்சு" என்றான் போர்யே. பின்னால் மின்விசிறி இரைச்சல். மூச்சு வாங்கினான்; குரலில் ஒரு சின்னப் பையனின் உற்சாகம். "ஹீட்டர் போர்வையெல்லாம் சுத்தியாச்சு. அவன்கிட்ட இன்னும் ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. கம்பி எத்தனை..."

"அப்பா போயிட்டார்."

அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் ஓடியது.

"எப்ப?"

"இப்பதான்."

அவன் அழுதான். போனை மூடிக்கொள்ளாமல், அசிங்கமாக, மூக்கும் தொண்டையும் அடைத்துக்கொண்டு அழுதான். சேர்ந்து பட்டறை போட்ட ஆளுக்காக அழுகிற அழுகைதான் அது, நடிப்பு இல்லை. அவள் காதில் வைத்துக்கொண்டே நின்றாள். மேசையில் செம்லாப் பெட்டி திறக்காமல் இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. 'அணைச்சுடுங்க' என்று வந்தாலும் வந்திருக்கும். திறக்கவில்லை. அவன் அழுது ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான் இப்ப என்ன பண்ணட்டும்?" என்றான் அவன். "இதை அப்படியே விட்டுட்டு அங்க வரட்டுமா?"

"வேண்டாம்" என்றாள். "சூடு ஆறிடும். போட்டு முடிங்க, சித்தப்பா. அவர் அதைத்தானே சொன்னார்."

போனை வைத்துவிட்டுப் பெட்டியின் நூலை அறுத்தாள். நின்றபடியே ஒரு செம்லாவைத் தின்றாள். க்ரீம் மூக்கில் பட்டது. முழுவதையும் தின்றாள்.

*

அடக்கம் மூன்று வாரம் கழித்து நடந்தது. பத்திரிகை அறிவிப்பில் அவள் எல்லோரும் வரலாம் என்றுதான் போட்டிருந்தாள். வேட்டைக் குழுக்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கினார்கள். போர்யேவை யாரும் தூக்கக் கூப்பிடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் ஒவ்வொரு பூவாக வைத்துவிட்டு நகர்ந்தபோது அவனும் முன்னால் வந்தான். வெள்ளை ரோஜாவை வைத்தான். அதன் பிறகும் நகரவில்லை. கால்சட்டைப் பையில் கையை விட்டு எதையோ எடுத்து, பூக்களுக்கு நடுவே செருகினான். பக்கத்தில் நின்ற அன்னெலிக்கு மட்டும்தான் தெரிந்தது. விரல் நீள எஃகுத் துண்டு. ஏழு. ஒன்பது வருடம் அவன் பையிலேயே கிடந்து மழமழவென்று ஆகியிருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கயிறு ஒரு பக்கம் தாழ்ந்தது. துண்டு நழுவி, ஓரத்தில் பட்டு ஒரு தடவை ஒலித்துக் கீழே போனது. பாதிரியார் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

காபிக்கு எல்லோரும் தேவாலயத்துக் கூடத்துக்கு வந்தார்கள். இறால் வைத்த ரொட்டிக் கேக். ஒரு மேசையில் ஹால்வாரின் போட்டோவும் மெழுகுவர்த்தியும். கூடத்தில் புழுக்கமாக இருக்கிறதென்று யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தார்கள். போர்யே அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, கேக்கை முள்கரண்டியால் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டிருந்தான். சாப்பிடவில்லை. அன்னெலி காபி ஜாடியோடு ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே அவனிடமும் வந்தாள்.

"வளையம் வெடிச்சிருச்சு" என்றான், தட்டைப் பார்த்தபடி.

"கேள்விப்பட்டேன்."

"போட்டப்போ அவ்வளவு அழகா இருந்துச்சு. உனக்கு போட்டோ அனுப்பலாம்னுகூட நினைச்சேன். ராத்திரி ஆறும்போது சத்தம் கேட்டுச்சு. ஐஸ் உடையற மாதிரி. வெள்ளைப் பொடி அடிச்சா சுத்திலும் சிவப்பா, நரம்பு நரம்பா."

அவள் ஊற்றினாள்.

"வேனை வித்துட்டேன். பட்டறையை வாங்கவும் ஆள் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க." ஒரு துண்டு இறாலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான். "முந்நூறுன்னு சொன்னான்."

"ஆமா."

"நீயும் சொன்ன."

"அப்பா சொன்னபடி செய்ங்கன்னு சொன்னேன்."

"அதில்ல." அவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "சித்தப்பான்னு கூப்பிட்டியே."

அவள் ஜாடியின் மூடியை அழுத்திச் சரியாகத் திருகினாள். பக்கத்து மேசையில் வேட்டைக்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள்.

"இந்தத் தடவை என் பஞ்சைத்தான் அடிச்சேன்" என்றான் போர்யே. "வெல்டுக்குப் பக்கத்துல. வெடிக்கறதுக்கு முன்னாலயே அடிச்சுட்டேன். மூணாம் நம்பர். அதை மட்டும் சொல்லணும்னு வந்தேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தான். தடித்த விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினான். வெகு நேரம் பிடித்தது. அவள் ஏன் நகராமல் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் கறுப்புக் கோட்டின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

அவள் கணக்குக்கு வந்த பணம். போர்யே. 41,600 குரோனா. விவரம் எழுதும் இடத்தில்: 7.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். திருப்பி அனுப்பவில்லை. அனுப்புவாள் என்று அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"காபி ஆறிடும், போர்யே" என்றாள்.

அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

போட்டோவின் முன்னால் மெழுகுவர்த்திச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அணையப் போவது போல் துடித்துக்கொண்டிருந்தது. அன்னெலி அவனைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கொக்கியை மாட்டினாள். சுடர் நேராக நின்றது.